ஸ்டோர் என்று எழுதிய கதவு

“வெக்கப்படாம சொல்லுங்க. உள்ள போனா எவ்வளவு தண்ணி ஊத்துதீய?” என்று சிஸ்டர் கேட்டார். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மருதமர நிழலில் எங்கள் மருத்துவ வண்டி நின்றுகொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலங்களை யாரும் இன்னும் பிரிக்கவில்லை. டாக்டரம்மா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். டிரைவர் அண்ணாச்சி தன் செருப்பைப் பார்த்தார். நான் எதைப் பார்த்தேன் என்று நினைவில்லை. காது மடல் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது. கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பெற்றவள்தான் நான். ஆனாலும் ஓர் ஆண்பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும்போது, கக்கூஸில் எத்தனை கப் தண்ணீர் ஊற்றினேன் என்று வாய்விட்டுச் சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன். அது இன்னும் என்னை முழுதாக விட்டுப் போகவில்லை. இதை எழுதும்போதுகூட அந்தச் சொல் வந்ததும் பேனா கொஞ்சம் நின்றுதான் போகிறது.

தொண்ணூறுகளில் நான் பாளையங்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியார் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, பேட்டையில் ஒரு பட்டறையில் விட்டு, சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், மருந்து அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, ஊர் ஊராகப் போகும் மருத்துவ வண்டியாக்கியிருந்தார்கள். காலையில் கிளம்பித் தாமிரபரணியை ஒட்டியே கிழக்கே போவோம். வயலும் வாழையுமாக இருக்கும் சின்ன ஊர்களில் நிறுத்தி, கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுப் பொழுதடைந்த பிறகு திரும்புவோம். வண்டியில் நாலு பேர். படிப்பை முடித்து நேராக வேலைக்கு வந்த டாக்டரம்மா, வண்டி ஓட்டும் அண்ணாச்சி, நான், எங்கள் எல்லோருக்கும் மேலே நர்ஸான சிஸ்டர். மேலே என்றால் சம்பளத்தில் இல்லை. ஆனால் சிஸ்டர் “கிளம்பலாமா?” என்று கேட்டால் யாரும் அதைக் கேள்வி என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஐம்பதைத் தாண்டியவர் சிஸ்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்டு மொடமொடவென்றிருக்கும் வெள்ளைச் சேலை, ஊரின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். பெண்டாட்டியை நிறைமாதத்தில் நாற்று நடக் கூட்டிப்போன ஒருவனை, கோயில் வாசலில் வைத்து, “ஏலே, நீ மனுசனா மாடா?” என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவன் அண்ணன் தம்பிகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஊமையாகிவிடுவார். காலையில் வண்டி ஏறுவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ஊரில் எந்த வீட்டிலாவது ஆசையாய் மோர் கொண்டுவந்து நீட்டினால் உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. நானும் டாக்டரம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

பாளையங்கோட்டையில் ஏறினால் பாளையங்கோட்டையில் இறங்கித்தான் போகவேண்டும், அவ்வளவுதான். ரொம்ப முடியாமல் போனால் வாழைத்தோப்புக்குள் ஒருத்தி போவாள், மற்றவள் வரப்பில் குடையை விரித்துக்கொண்டு காவல் நிற்பாள். அந்த நேரம் பார்த்துத்தான் சைக்கிளில் யாராவது வருவான். வருகிறவன் சும்மா போனால் போகட்டும், இருமிவிட்டுப் போவான். அந்த இருமலுக்கு எத்தனையோ அர்த்தம். அண்ணாச்சிக்கு இந்தக் கஷ்டம் எதுவும் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு ஏதாவதொரு மரத்தடிக்குப் போய்விட்டு வந்து, “கிளம்புவோமா?” என்பார். அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, பாவம், அவர் என்ன செய்வார்.

சிஸ்டர் ஒருமுறை குளிர் காய்ச்சல் வந்து படுத்ததற்கும் இதுதான் காரணம். அடக்கி அடக்கி வைத்ததில் சிறுநீரில் சீழ் வந்து, ரத்தமும் கலந்து போயிருக்கிறது. அதையும் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் வண்டியிலேயே நடுங்கிச் சாய்ந்துவிட்டார். சரியாகி எழுந்தபோது பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி ஒரு தடவை இப்படி வந்தால் வண்டியில் போகக்கூடாது, ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டியதுதான். சிஸ்டருக்கு அது ஆயுள்தண்டனை மாதிரி. ஆற்றங்கரை ஊர்களில் அவர் கையில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். வண்டி ஊருக்குள் திரும்பும்போதே “சிஸ்டரு வந்துட்டாவ” என்று பிள்ளைகள் ஓடிவரும். அதை விட்டுவிட்டு மேசையில் உட்கார அவரால் முடியாது. அன்றைக்குத்தான் சிஸ்டர் வாயைத் திறந்தார். மேனேஜர் அறைக்குப் போய், வண்டிக்குள் ஒரு கக்கூஸ் வேண்டும் என்று கேட்டார். வெளியே வந்தபோது முகமெல்லாம் சிவந்து போயிருந்தது. “கேட்டுட்டேன் ட்டீ” என்றார் என்னிடம், ஏதோ திருடிக்கொண்டு வந்ததைப் போல.

பட்டறைக்காரர் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைச் செய்ததில்லை. இருந்தாலும் செய்து கொடுத்தார். வண்டியின் பின்மூலையில் அலமாரி அகலத்தில் ஓர் அறை. ஒரு கோப்பை. காலால் பெடலை மிதித்தால் கோப்பையின் அடியில் ஒரு தகடு விலகும், எல்லாம் வண்டிக்கு அடியில் இருக்கும் டேங்குக்குள் விழுந்துவிடும். டேங்கில் சேரும் காற்று வெளியேறுவதற்கு ஒரு குழாய், சுவரோரமாக ஏறிக் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். அறைச் சுவரில் ஒரு சின்ன மின்விசிறி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு டேங்கின் வால்வைத் திறந்து கழிவுக்குழியில் விடுவார். விட்டுவிட்டு அங்கேயே குழாயடியில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

மேனேஜர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வண்டிக்குள் இப்படி ஒன்று இருப்பது வெளியே தெரியக்கூடாது. கோயில் வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் நிறுத்தும் வண்டி. மருந்தும் அதற்குள்தான், இதுவும் அதற்குள்தான் என்று தெரிந்தால் ஊரில் ஒருவரும் கைநீட்டி மருந்து வாங்கமாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எங்களுக்கும் அப்போது தோன்றவில்லை. சொல்லப்போனால் எங்களுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. அந்தக் கதவில் ‘ஸ்டோர்’ என்று எழுதி வைத்தோம். “ஸ்டோருக்குப் போயிட்டு வாரேன்” என்று எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்வோம். கூரைக் குழாயைக் காட்டி இது என்னது என்று கேட்ட பிள்ளைகளிடம், வயர்லெஸ் கம்பி என்று அண்ணாச்சி கூசாமல் சொல்லிவிட்டார். எது எப்படியோ, நாங்கள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தோம். சிஸ்டர் மோரை முழு டம்ளரும் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியதைப் பார்த்தபோது நான் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், மோர் குடிப்பதைப் பார்த்து அழுகை வந்தவள் நான்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்புறம்தான் நாற ஆரம்பித்தது. ஐப்பசி மழைக்காலம் அது. யாராவது பெடலை மிதித்த உடனே குப்பென்று கிளம்பும். வண்டி முழுக்கப் பரவி, மருந்து வாடையையும் அமுக்கிக்கொண்டு நிற்கும். நான் பினாயிலை ஊற்றினேன். பினாயிலும் அதுவும் சேர்ந்து ஒரு புதுவகை நாற்றமாக வந்தது. டாக்டரம்மா வாசனை உருண்டை வாங்கி வந்து தொங்கவிட்டார். அண்ணாச்சி வேப்பிலைக் கொத்து செருகினார். ஊதுபத்தி, சாம்பிராணி எதையும் விடவில்லை. சிஸ்டர் மறுபடியும் தண்ணீரைக் குறைத்துவிட்டதை நான் பார்த்தேன். அந்த அறைக்குள் போய் வந்தால் நாற்றத்துக்குத் தானே காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம் எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது. யார் கடைசியாகப் போனது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்போம்.

மானம் போனது ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால்கரை ஊரில். வண்டியின் ஓரமாகப் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். டாக்டரம்மா ‘ஸ்டோரு’க்குள் போனார். சுவர் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் வரிசை அப்படியே கலைந்தது. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. எதிரே டீக்கடையிலிருந்து ஆண்கள் எழுந்து வந்தார்கள். தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து, மோந்து பார்த்துவிட்டு, “சீ, சவம். உள்ள கக்கூசையா வச்சிருக்கிய? இதுல வச்சா பிள்ளைகளுக்கு மருந்து குடுக்கிய?” என்றார். டாக்டரம்மா உள்ளே இருந்து வெளியே வரவே இல்லை. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். உள்ளே அழுகிற சத்தம்தான் வந்தது. ஊரையெல்லாம் அதட்டும் சிஸ்டர், அன்று அந்த மனிதர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, “மன்னிச்சிருங்க ஐயா” என்றார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெரியவர் மேல் வந்த கோபத்தைவிட, எங்கள் மூன்று பேர் உடம்பின் மேல் எனக்கு வந்த அருவருப்புதான் அதிகம். மனுஷப் பிறவிக்கு இப்படி ஓர் உடம்பு எதற்கு என்றுகூட நினைத்தேன்.

புகார் எங்களுக்கு முன்னால் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டது. மேனேஜர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். வண்டியைப் பேட்டைக்கு அனுப்பி அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு ஸ்டோர் வைத்துவிடலாம். சிஸ்டர் அதே ஊருக்கு அடுத்த முறை போய் வரும்வரை தவணை கேட்டார். அதற்குள் சரிசெய்யாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டால் அவரும் வண்டியை விட்டு இறங்கவேண்டியதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள்தான் அந்த மருதமர நிழல். சாப்பிடுவதற்கு முன்னால் சிஸ்டர் எங்களை உட்காரவைத்தார். “வண்டிக்கு நோவு வந்திருக்கு. நோயாளிகிட்ட கேக்க மாதிரிதான் கேக்கப்போறேன். இதுல ஆம்பள பொம்பள கிடையாது. முதல்ல நான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்துத் தன் வழக்கத்தைச் சொன்னார். எழுந்து வரும்போது கோப்பையைச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் துடைத்துவிட்டு வருவாராம், தான் போன அடையாளமே இருக்கக்கூடாது என்று. அடுத்தது நான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடும் என்று, ஒரு கப் தண்ணீரைச் சுவரோரமாகச் சத்தமில்லாமல் வழியவிட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். டாக்டரம்மா, உள்ளே போனதும் விசிறியைப் போட்டுவிடுவதாகச் சொன்னார். காற்றுக்காக அல்ல, விசிறிச் சத்தத்தில் மற்ற சத்தம் கேட்காது என்பதற்காக. படித்த டாக்டர், ஆயிரம் உடம்பை அறுத்துப் பார்த்தவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரலைப் பிசைந்துகொண்டு சொன்னார்.

சிஸ்டர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. “சரி, இதெல்லாம் முதல்லயிருந்தே செஞ்சதுதானே. நாத்தம் எப்ப தொடங்கிச்சு?” என்றார். யோசித்துப் பார்த்து, ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் என்றேன் நான். “அன்னைக்கு வண்டியில என்ன மாத்துனோம்?” என்று சிஸ்டர் கேட்டதும், அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். “சிஸ்டரம்மா, நான்தான்… மேல மூடி வச்சேன்” என்றார்.

பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறார். முன்னால் சாமி படம். அதற்கும் மேலே, கூரை உச்சியில், அந்தக் குழாய். “கக்கூசுக் குழாய்க்குச் சந்தனம் வைக்க மனசு வரல. வைக்காம விட்டாலும் சாமிக்கு மேல அது மொட்டையா நிக்கது கண்ண உறுத்திச்சு. அதான் ஒரு டால்டா டப்பாவக் கவுத்தி, மேல மஞ்சத் துணியச் சுத்தி இறுக்கிக் கட்டிட்டேன். பொறவு எடுப்போம்னுதான் நெனச்சேன். மழை வந்துட்டா, சரி, உள்ள தண்ணி இறங்காதுல்லான்னு விட்டுட்டேன்” என்றார். மஞ்சள் துணியை நாங்கள் எல்லோரும் கீழே இருந்து தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஏதோ பூஜைக்குக் கட்டியது என்று நினைத்தோம். ஓர் ஊரில் ஒரு கிழவி அதை நிமிர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னதும் டாக்டரம்மா வெடித்துச் சிரித்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி மட்டும், “சிரிங்க, சிரிங்க” என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அண்ணாச்சி கூரையில் ஏறுவதற்கு முன்பு சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கோப்பைக்கு மேலே பிடித்து, விசிறியைப் போடச் சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தார். புகை கீழே போகவில்லை. கோப்பையிலிருந்து யாரோ ஊதியதுபோல் மேலே எழும்பி நேராக விசிறிக்குள் போயிற்று. விசிறி அதை அள்ளி, வரிசை நிற்கும் பக்கமாகத் தள்ளியது. “பாத்தியளா? வயித்துல காத்து அடைச்சா என்ன செய்யும்? மேல வழியில்லன்னா கெடச்ச வழியில வரும். நாம விசிறியப் போட்டு வா வான்னு கூப்பிட்டிருக்கோம்” என்றார். அண்ணாச்சி மேலே ஏறித் துணியை அவிழ்த்து டப்பாவை எடுத்தார். விசிறியை நிறுத்திவிட்டு மறுபடியும் பெடலை மிதித்தபோது, புகை பைய வளைந்து கோப்பைக்குள் இறங்கியது. அதன்பிறகு வண்டியில் சட்டம் வந்தது. பெடலை மிதிக்கும்போது விசிறி ஓடக்கூடாது. தாராளமாகத் தண்ணீர் ஊற்றவேண்டும், கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். எழுந்து வரும்போது, நாற்றம் மேலே ஏறாதபடி, தகட்டுக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் நிற்கவேண்டும். குழாயின் தலையில் கம்பிவலையைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது, சந்தனம் உட்பட.

அந்த வாய்க்கால்கரை ஊருக்கு அடுத்த முறை போனோம். அதே இடத்தில் வண்டி நின்றது. வரிசை கொஞ்சம் தள்ளியே நின்றது. துண்டுபோட்ட பெரியவர் துண்டைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். சிஸ்டர் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்து உள்ளே போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கணீரென்று கேட்டது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். பெரியவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார், இன்னொரு தடவை உறிஞ்சினார், பிறகு டீக்கடைக்கே திரும்பிப் போய்விட்டார். வெளியே வந்த சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. ஜெயித்துவிட்டோம் என்று நானும் நினைத்தேன். வரிசை மெல்ல வண்டியை ஒட்டி வந்தது.

மாத்திரை வாங்கிக்கொண்ட பிறகும் ஒரு பெண் போகாமல் நின்றாள். நாற்று நடுகிறவள், காலில் சேறு காய்ந்திருந்தது, ஏழு மாதம் இருக்கும். வேறென்ன செய்கிறது என்று சிஸ்டர் கேட்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிஸ்டரின் காதருகே வந்தாள். நான் மருந்துப் பெட்டியோடு பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது.

“சிஸ்டரு, ஒருக்கா நானும் உள்ள போய்க்கிடட்டுமா? விடியதுக்கு முன்ன போனது. வயக்காட்டுல எல்லாம் ஆம்பளையாளுவ. இனி இருட்டினாத்தான்.”

“இத்தன நாளா வாரோமே தாயி, ஏன் கேக்கல?” என்றார் சிஸ்டர்.

“ஸ்டோருன்னுல்லா எழுதியிருக்கு, பிள்ளைதான் படிச்சுச் சொன்னா. நாத்தம் வந்த பொறவுதான் உள்ள அது இருக்கது எங்களுக்குத் தெரியும். அத எடுத்துருவாவன்னு ஆம்பளையாளுவ டீக்கடையில பேசிக்கிட்டாவ. எடுக்கதுக்கு முன்ன கேட்டுப் பாப்போம்னுதான் நின்னேன்.”

சிஸ்டர் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பெடலைக் காட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் வெளியே வந்தபோது அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி நின்றாள், அவளுக்குப் பின்னால் ஒரு கிழவி, பிறகு இரண்டு பிள்ளைகளோடு ஒருத்தி. மருந்துக்கு நின்ற வரிசை முடிந்து, பின்கதவில் ஒரு வரிசை ஆரம்பித்தது. நாலு பேருக்கென்று செய்த டேங்க் அது. நிறைந்துவிடும் என்று அண்ணாச்சி சைகை காட்டினார். மறுபடியும் நாறினால் மேனேஜர் ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டார் என்று சிஸ்டருக்கும் தெரியும். அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. மத்தியானத்துக்குள் டேங்க் நிறைந்து, பெடலை மிதித்தாலும் இறங்காமல் நின்றுபோயிற்று.

அதைப் பிறகு யாரும் பெயர்க்கவில்லை. பெயர்ப்பதென்றால் என்னையும் சேர்த்துப் பெயர்த்துவிடுங்கள் என்று சிஸ்டர் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். இந்தத் தடவை முகம் சிவக்காமல் சொன்னார். டேங்கைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டேதான் வால்வைத் திறந்தார், ஆனால் திறந்தார். ஓய்வு பெறும்வரை சிஸ்டர் அந்த வண்டியில்தான் போய்வந்தார். இப்போது அந்த ஊர்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனாலும் அந்த வண்டியை நினைக்கும்போது எனக்கு அது ஜெயித்த கதையாகத் தோன்றுவதில்லை. பின்கதவில் வரிசை நின்ற அன்று சாயங்காலம் திரும்பி வந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

டேங்க் நிறைந்துவிட்டதால் நாங்கள் மூவரும் பழையபடி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ரோட்டில் மழைக்குழிகள் வேறு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்துக்கொள்ளவேண்டியிருந்தது. சிஸ்டர் என் மடியில் இருந்த மருந்துக் கவர்களை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்க்கடுப்பு என்று வருகிற பெண்களுக்குக் கொடுக்க நானே முன்கூட்டி எழுதி வைத்திருந்த கவர்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்பதற்குக் கீழே, ‘தண்ணீர் நிறையக் குடிக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருப்பேன். அந்த ஊர்களில் மாத்திரையைவிட அதிகமாக நாங்கள் கொடுத்தது அந்தப் புத்திமதியைத்தான். அவர்களும் சரி சிஸ்டரு, சரி சிஸ்டரு என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அதே கடுப்போடு வந்து நிற்பார்கள். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று சிஸ்டர் திட்டுவார்.

“நான் ஏன் குடிக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றார் சிஸ்டர், கவரைப் பார்த்தபடியே. “தெரிஞ்சுகிட்டே அவளுவளத் திட்டியிருக்கேன் ட்டீ.”

எனக்கும் தெரியும், டாக்டரம்மாவுக்கும் தெரியும். சிஸ்டர் கவர்களை அடுக்கி என் மடியிலேயே வைத்துவிட்டு, பாளையங்கோட்டை வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை.

எனக்கும் வயதாகிவிட்டது. மகள் வீட்டுக்குப் போகப் பகல் பஸ்ஸில் ஏறும் நாட்களில், விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் நிறுத்துகிற இடங்களில் உள்ளே போக முடிகிற மாதிரி ஒன்றும் இருப்பதில்லை. போன மாதம் கடுப்பு வந்து டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், நல்ல மாதிரி. தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும் பாட்டி என்று சொன்னாள். சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.